ஊர் நடுவே கல்லூரி வைத்தவர்

மாங்குளத்திலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் வீதியில் மல்லாவியை அடைவோர், அங்கே மத்திய கல்லூரி என்னும் பெயரைக் காண்பர். தமிழ்ப் பாடஞ் சொல்லுதலையே தொழிலாகக் கொண்ட என்னிடம் மாணவனொருவன் ஒருநாள் ஓர் ஐயம் வினவினான். கொழும்பும் யாழ்ப்பாணமும் இருக்க, காட்டோரத்து ஊராகிய நம்மூர்க் கல்லூரிக்கு மத்திய என்னும் அடைமொழி எங்ஙனம் பொருந்தும் என்பதே அவன் ஐயம். அன்று சொற்பொருள் மட்டும் கூறி அமைந்தேன். அச்சொல்லின் பின்னே நிற்கும் பெருமகனாரின் வரலாற்றைக் கூறாது விட்டேன். அக்குறையை ஈண்டு நிரப்ப விழைகின்றேன்.

கிறிஸ்தோபர் வில்லியம் விஜேக்கோன் கன்னங்கரா என்பார் 1884ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி, தென்னிலங்கையில் அம்பலாங்கொடையை அடுத்த ரந்தொம்பே என்னும் சிற்றூரிலே பிறந்தார். செல்வம் மிகுந்த குடும்பமன்று. அம்பலாங்கொடைப் பாடசாலையிற் கற்ற இளைஞரின் கூர்த்த மதியைக் காலி றிச்மண்ட் கல்லூரி அதிபர் டாரெல் பாதிரியார் கண்டுகொண்டார். உபகாரச் சம்பளமொன்று கிடைத்தமையால் அவர் அக்கல்லூரி விடுதியிலே தங்கிக் கற்கும் பேறு பெற்றார். அது கிடையாதிருப்பின் அவர் கல்வி ஊரோடு முடிந்திருக்கும். தாம் ஏறிய ஏணியை அவர் பின்னாளில் மறந்தாரல்லர். அதனை நாட்டுப் பிள்ளைகள் யாவர்க்கும் பொதுவாக்கவே முயன்றார்.

ஆசிரியராயும் வழக்கறிஞராயும் பணிபுரிந்தபின் சட்டநிருபண சபையிற் புகுந்தார். 1931இல் அரசாங்க சபை தோன்றியபோது நாட்டின் முதற் கல்வி மந்திரியானார். 1947 வரை அப்பதவியில் இருந்தார். அக்காலத்தே கல்வி இருவகைப்பட்டிருந்தது. ஆங்கிலம் போதிக்கும் உயர்ந்த கல்லூரிகள் பெரும்பாலும் நகரங்களில், கட்டணஞ் செலுத்த வல்லார்க்கே உரியனவாக இருந்தன. கிராமத்துப் பிள்ளைக்குக் கிடைத்ததோ ஆய்வுகூடமும் நூல்நிலையமும் இல்லாத சுயமொழிப் பாடசாலை. கட்டணத்தை ஒழிப்பது மட்டும் இக்கேட்டைத் தீர்க்காது. நல்ல பாடசாலை நகரத்திலேயே நின்றால், கட்டணமில்லாக் கல்வியும் கிராமத்தானுக்கு எட்டாக் கனியேயாம். இதனை உணர்ந்தே அவர் மத்திய பாடசாலைத் திட்டத்தை வகுத்தார்.

சூழவுள்ள ஊர்களுக்கெல்லாம் நடுவாக ஓரிடந் தெரிந்து, ஆங்கே ஆய்வுகூடம், நூல்நிலையம், விளையாட்டிடம், மாணவர் விடுதி முதலியவற்றை அரசாங்கப் பணத்தால் அமைத்தலே அத்திட்டம். ஐந்தாம் வகுப்பில் தேர்வு வைத்து, வறிய மாணவருக்கு விடுதியும் உணவும் அளிக்க ஏற்பாடாயிற்று. அவர் காலத்தில் 54 மத்திய பாடசாலைகள் எழுந்தன. அவை யாவும் எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே அளவிற் கிடைத்தன என்று யாம் கூறோம். ஆயினும், கிராமத்துப் பாடசாலையும் நகரத்துக் கல்லூரிக்கு நிகராகும் என்னும் எண்ணம் அன்றுதான் கல்லும் சுண்ணாம்புமாய் உருப்பெற்றது.

அவர் தலைமையில் இயங்கிய விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாதல் வேண்டும், தொடக்க வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழியாதல் வேண்டும் என அது விதந்துரைத்தது. யுத்தச் செலவு மிகுந்த அக்காலத்தில் இதற்குப் பணம் எங்கே என்று வினவினோர் பலர். கட்டணத்தால் நடந்த கல்லூரிகளை ஆண்டோரும் எதிர்த்து நின்றனர். அவர் தளரவில்லை. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒருங்கே திறந்த வாயில் அது.

இத்துணையுஞ் செய்தவரை 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மத்துகமைத் தொகுதி மக்கள் தோற்கடித்தனர். 1952இல் மீண்டும் பாராளுமன்றம் புகுந்தபோதும் கல்விப் பொறுப்பு அவரிடம் வரவில்லை. உள்ளூராட்சி மந்திரியாகவே பணியாற்றினார். பொதுப்பணத்தாற் பிறர்க்கு மாளிகை எழுப்பியவர், முதுமையிற் பணமுடை உற்று அரசாங்க உதவியை ஏற்கும் நிலையெய்தினார். 1969 செப்டெம்பர் 23ஆம் திகதி உயிர் நீத்தார்.

2008ஆம் ஆண்டு யுத்தம் நெருங்கியபோது மல்லாவி மக்கள் ஊரை விட்டு அகன்றனர். மீண்டு வந்த காலத்தில், நான் கற்பித்த பாடசாலையொன்றிற் கூரையில்லை. மரநிழலில் இலக்கணம் நடத்தினேன். நிழல் நகர, வகுப்பும் நகர்ந்தது. மழை வந்தால் பாடம் முடிந்தது. ஆசிரியனும் மாணவனும் இருந்தாற் போதும், கட்டடம் எதற்கு என்பாரை அன்றுமுதல் நான் ஒப்புவதில்லை.

என்னை ஐயம் வினவிய மாணவ, இனிக் கேள். தலைநகருக்கு அருகில் இருத்தல் பற்றி வந்த பெயரன்று மத்திய என்பது. பிள்ளைகள் எங்கே வாழ்கின்றனரோ அங்கே அவர்கள் நடுவே கல்வி நிற்றல் வேண்டும் என்னும் உறுதிமொழி அது. அப்பெயரைத் தாங்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் நல்ல ஆய்வுகூடமும் நூல்நிலையமும் கேட்டல் இரத்தலன்று. கொடுத்த வாக்கை நினைவூட்டலேயாம்.