கொலையைவிடக் கனத்த பேரேடு

1928 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை இரவு. நியூயார்க்கின் பிராட்வே சாலையில் இருந்த லிண்டி உணவகத்தில் ஆர்னால்ட் ராத்ஸ்டீனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. உடனே பார்க் சென்ட்ரல் ஹோட்டலுக்குச் சென்றவர், அதன் பணியாளர் வாயிலருகே வயிற்றில் குண்டு பாய்ந்த நிலையில் காணப்பட்டார். சுட்டவர் யார் என்று காவல் துறையினர் கேட்டும் அவர் பெயரைச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, அமெரிக்க அதிபர் தேர்தல் நாளன்று, இறந்துபோனார்.

சூதாடி ஒருவர் கொல்லப்பட்டால் ஊருக்கென்ன நட்டம் என்று கேட்கலாம். அந்த நகரத்துக்கு அதனால் விளைந்தவை ஏராளம்.

ராத்ஸ்டீன் 1882-இல் நியூயார்க்கில், நேர்மைக்குப் பெயர்பெற்ற யூத வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். கணக்கில் கெட்டிக்காரர். சூதாட்ட விடுதி நடத்திப் பொருள் சேர்த்தார். 1919 பேஸ்பால் உலகத் தொடரில் சிகாகோ அணியின் எட்டு வீரர்கள் விலைபோனதாக எழுந்த ஊழலில் அவர் பெயர் பலமாக அடிபட்டது. ஆனால், அவர்மீது வழக்கு ஏதும் தொடரப்படவில்லை.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் என்னை ஈர்ப்பது அவரது சூதாட்டமன்று, தரகுத் தொழில்தான். சட்டவிரோதச் சந்தைக்கும் மூலதனம் வேண்டும். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவைக்க ஒருவர் வேண்டும். நீதிமன்றப் படியேற முடியாதவர்களுக்கு இவற்றை யார் தருவார்? 1920-இல் மதுவிலக்கு வந்ததும் இத்தேவை பன்மடங்கு பெருகியது. மதுக் கடத்தலுக்குப் பணம் கொடுத்தார் ராத்ஸ்டீன். கைதானவர்களுக்குப் பிணைத் தொகை ஏற்பாடு செய்தார். தகராறுகளில் பஞ்சாயத்து பேசினார். நகர ஜனநாயகக் கட்சியைத் தன் பிடியில் வைத்திருந்த டம்மனி ஹால் என்ற அமைப்புக்கும் நிழலுலகுக்கும் இடையே பாலமாக இருந்தவரும் அவரே. காவலருக்கு மாமூல் கொடுப்பது நாம் அறியாத பழக்கமன்று. அந்தச் சில்லறை வணிகத்தை அவர் மொத்த வணிகமாக்கினார் எனலாம்.

அடுத்தவர் கடனை வசூலித்துத் தந்தவர், தாம் தராத கடனாலேயே உயிரிழந்தார் என்பதே பரவலான நம்பிக்கை. அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த ஒரு சீட்டாட்டத்தில் ஏறத்தாழ 3 லட்சம் டாலர் தோற்றார். ஆட்டத்தில் மோசடி என்று கூறிப் பணம் தர மறுத்தார். ஆட்டத்தை ஏற்பாடு செய்தவர் ஜார்ஜ் மக்மானஸ். அவருடைய மேலங்கி அந்த ஹோட்டல் அறையில் கிடைத்தது. துப்பாக்கி தெருவில் கிடந்தது. வழக்கு விசாரணையோ ஓராண்டுக்குப் பின், 1929 நவம்பரில் மேயர் தேர்தல் முடிந்த பிறகே தொடங்கியது. சான்று போதாதென்று மக்மானஸ் விடுவிக்கப்பட்டார். வேறு எவரும் தண்டிக்கப்படவில்லை.

இந்தத் தாமதத்தை வெறும் திறமைக்குறைவு என்று என்னால் ஏற்க இயலவில்லை. கொலையாளியைவிட, இறந்தவர் விட்டுச்சென்ற கடன் ஆவணங்களே பலரை அச்சுறுத்தியிருக்க வேண்டும். அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. 1929 மேயர் தேர்தலில் போட்டியிட்ட லா கார்டியா, ஆல்பர்ட் விட்டாலே என்ற குற்றவியல் நடுவர் ராத்ஸ்டீனிடம் 19,940 டாலர் கடன் பெற்றதை அம்பலப்படுத்தினார். வாக்காளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. டம்மனியின் ஜிம்மி வாக்கரே பெருவாரியான வாக்குகளில் மீண்டும் மேயரானார். அது பங்குச் சந்தை சரிந்த சில நாள்களில் நடந்த தேர்தல்; சரிவின் வலி அப்போது வீட்டு அடுப்பை எட்டியிருக்கவில்லை.

எனினும், அந்தச் சிறு தொகை விடவில்லை. 1930-இல் விட்டாலே பதவி நீக்கப்பட்டார். அதே ஆண்டில் சாமுவேல் சீபரியின் விசாரணை தொடங்கியது. நிரபராதிப் பெண்கள்மீது பொய்வழக்குப் போட்டுப் பணம் பறித்த காவலர்களும் தரகர்களும் வெளிச்சத்துக்கு வந்தனர். இந்தக் கொள்ளையில் அகப்பட்ட ஏழைப் பெண்களுக்கு ராத்ஸ்டீன் யாரென்றே தெரிந்திருக்காது. நீதிமன்றங்களில் தொடங்கிய விசாரணை, வேலையிழப்பு பெருகிய ஆண்டுகளில் மேயரின் வரவு செலவு வரை சென்றது. ஆளுநர் ரூஸ்வெல்ட் முன்னிலையில் விளக்கமளிக்கும் நெருக்கடியில், 1932 செப்டம்பர் 1-இல் வாக்கர் பதவி விலகி, பின்னர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். 1934 தொடக்கத்தில் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் லா கார்டியா. பார்க் சென்ட்ரல் கொலை மட்டும் இன்றுவரை துலங்கவில்லை.