கரண்டி செய்த சிற்பி

டென்மார்க் என்றதும் உங்களில் பலருக்கு ஆண்டர்சன் எழுதிய அசிங்க வாத்துக்குஞ்சு கதையும், கடல் கன்னி கதையும் ஞாபகத்துக்கு வரும். அந்த ஆண்டர்சன் 1875-ம் ஆண்டு கோபன்ஹேகன் நகரில் காலமானார். அப்போது அந்த நகரத்துக்கு வடக்கே, ராட்வாட் என்ற சின்னஞ்சிறு ஊரில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் காட்டில் விளையாடிக் கொண்டிருந்தான். பின்னாளில் டென்மார்க்கின் பெயரை வேறொரு விதத்தில் உலகமெங்கும் கொண்டு போனவன் அவன்தான். பெயர், ஜார்ஜ் யென்சன்.

ஆங்கிலத்தில் ஜென்சன் என்பார்கள். டேனிஷ் மொழியில் அந்த ‘ஜே’ எழுத்தை ‘ய’ என்றுதான் உச்சரிக்க வேண்டும். நாமும் அவர் ஊர்க்காரர்கள் சொல்வதுபோல யென்சன் என்றே சொல்லுவோம்.

யென்சன் பிறந்தது 1866-ம் ஆண்டு ஆகஸ்ட் 31-ம் தேதி. ராட்வாட்டில் ஓர் ஓடையும், அதன் நீரோட்டத்தைக் கொண்டு ஓடிய கத்தித் தொழிற்சாலையும் இருந்தன. அவனுடைய அப்பா அங்கே கத்திக்குச் சாணை பிடிக்கும் தொழிலாளி. ஏழைக் குடும்பம். ஆனால் வீட்டைச் சுற்றி அருமையான காடு! இலை, மொட்டு, பூ, விதை, வண்டு, பறவை என்று எதைப் பார்த்தாலும் அந்தப் பையனுக்கு ஆசை. களிமண் கிடைத்துவிட்டால் சும்மா இருக்க மாட்டான். ஏதாவது ஓர் உருவம் செய்தே தீருவான். பெரியவனானதும் சிற்பியாக வேண்டும் என்பது அவனுடைய கனவு.

கனவு இருந்தால் போதுமா? சாப்பாட்டுக்கு வழி வேண்டாமா? 1880-ல் குடும்பம் கோபன்ஹேகனுக்குக் குடிபெயர்ந்தது. யென்சனைப் பொற்கொல்லர் ஒருவரிடம் தொழில் பழக விட்டார்கள். நான்கு ஆண்டுகள் ஊதுவதும், உருக்குவதும், தட்டுவதும், அராவுவதுமாகக் கழிந்தன. 18 வயதில் தொழிலைக் கற்று முடித்தார். (இனிமேல் ‘அவன்’ என்று சொல்லக் கூடாது அல்லவா? ‘அவர்’ என்போம்!)

கையில் நல்ல தொழில் வந்துவிட்டது. ஆனாலும் சிற்ப ஆசை அவரை விடவில்லை. 1887-ல் டென்மார்க்கின் அரச கலைக்கழகத்தில் சேர்ந்து ஐந்தாண்டுகள் சிற்பம் படித்தார். 1892-ல் படிப்பு முடிந்தது. அவர் செய்த சிலைகள் கண்காட்சிகளில் வைக்கப்பட்டன. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கத்தான் ஆள் இல்லை! சிலை என்றால் சும்மாவா? களிமண், பிளாஸ்டர், கல், வெண்கலம் என்று செலவு இழுக்கும். மாதக் கணக்கில் உழைத்த பிறகும் அது விற்காமல் மூலையில் நிற்கும்.

இதற்குள் அவருக்குத் திருமணமாகி இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். 1897-ல் பேரிடி விழுந்தது. மனைவி இறந்து போனார். 31 வயதுகூட ஆகாத யென்சன், தாயில்லாத இரண்டு சின்னக் குழந்தைகளுடன் தனித்து நின்றார்.

பிள்ளைகள் பசியென்று அழும்போது சிலையைக் காட்டிச் சமாதானம் செய்ய முடியுமா? பீங்கான் தொழிற்சாலையில் மாதிரி உருவங்கள் செய்து கொடுக்கும் வேலைக்குப் போனார். 1898-ல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து சொந்தமாக மண்பாண்டப் பட்டறை தொடங்கினார். 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் அவர்களுடைய மண்பாண்டத்துக்குப் பாராட்டும் கிடைத்தது. வழக்கம்போலப் பாராட்டோடு சரி. பட்டறை பிழைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் கலைக்கழகம் கொடுத்த உதவித்தொகையில் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் போய்வரும் வாய்ப்பு கிடைத்தது. அப்போது ஐரோப்பாவில் புதுக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஓவியர்களும் சிற்பிகளும் விளக்கு, நாற்காலி, குவளை, நகை போன்ற அன்றாடப் பொருள்களைச் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். பூவும் கொடியும் வளைந்து நெளியும் அந்தப் பாணியை ‘ஆர்ட் நூவோ’ என்பார்கள். பழைய இத்தாலியிலோ சிற்பியும் பொற்கொல்லரும் ஒரே ஆளாக இருந்ததும் உண்டு. செல்லினி என்ற புகழ்பெற்ற சிற்பி, பொன்னில் உப்புக் கிண்ணமும் செய்தவர்தான்.

ஊர் திரும்பிய யென்சன், 1901-ல் மோகன்ஸ் பாலின் என்ற கலைஞரின் உலோகப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். சிறு வயதில் பழகிய தொழில் கைகொடுத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1904 ஏப்ரலில், கோபன்ஹேகனின் பிரட்கேடு தெருவில் 36-ம் எண் கட்டடத்தில் சொந்தமாக ஒரு சிறிய வெள்ளிப் பட்டறை திறந்தார். அப்போது அவருக்கு வயது 37.

முதலில் செய்தது பெரும்பாலும் நகைகள். ஏன் தெரியுமா? கொஞ்சம் வெள்ளி இருந்தாலே போதும், முதல் அதிகம் வேண்டாம்! வைரம், மாணிக்கமெல்லாம் வாங்க அவரிடம் ஏது பணம்? விலை குறைந்த கற்களைத் தேடினார். நிலாக்கல், பச்சை நிற மாலக்கைட், அப்புறம் ஆம்பர். இந்த ஆம்பர் உண்மையில் கல்லே இல்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு மரத்தில் வடிந்த பிசின், கெட்டியாகிப் போனது. டென்மார்க் கடற்கரையில் அலை ஒதுக்கிவிட்டுப் போகும். தேன் நிறத்தில் இருக்கும் அதை வெள்ளி இலைகளுக்கு நடுவே கனிபோலப் பதித்தார் யென்சன். வைரம் வாங்க வசதியில்லாத பெண்களும் அந்த ஊக்கு நகைகளை வாங்கி அணிந்தார்கள்.

அடுத்த வருடமே, அதாவது 1905-ல், ஒரு தேநீர்ப் பாத்திரம் செய்தார். அதன் மூடியில் மக்னோலியா மலர் ஒன்று உட்கார்ந்திருக்கும். மூடியைத் திறக்க அந்தப் பூவைத்தான் பிடித்துத் தூக்க வேண்டும்! 1906-ல் செய்த கரண்டி வரிசையோ இதற்கு நேர் எதிர். பூவும் இல்லை, கொடியும் இல்லை. கிராமத்து வீடுகளில் புழங்கிய மரக்கரண்டியைப் போலப் பருமனான, எளிமையான வடிவம். காம்பில் சில கோடுகள் மட்டும். ‘காண்டினென்டல்’ என்று அதற்குப் பெயர்.

வெள்ளிப் பாத்திரம் எப்படி உருவாகிறது என்று தெரியுமா? வட்டமான தகட்டை இரும்புப் பட்டடையில் வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவார்கள். தட்டத் தட்ட வெள்ளி இறுகிப் போகும். அதற்கு மேலும் தட்டினால் விரிசல் விடும். அதனால் நெருப்பில் காட்டி இளக்குவார்கள். மறுபடி தட்டுவார்கள், மறுபடி காட்டுவார்கள். இப்படியே தட்டையான தகடு மெல்ல மெல்லக் குழிந்து கிண்ணமாகும். கடைசியில் சுத்தியல் தழும்பையெல்லாம் தேய்த்துவிட்டுக் கண்ணாடிபோலப் பளபளப்பாக்குவதுதான் அந்தக் காலத்து வழக்கம். யென்சனின் பட்டறையில் அப்படிச் செய்யவில்லை. சுத்தியல் பட்ட மெல்லிய தடங்களை அப்படியே விட்டு வைத்தார்கள். பளபளப்புக்குப் பதில் நிலவொளி போன்ற மென்மையான மினுக்கம். இலை நரம்பும் இதழ் மடிப்பும் உள்ள பள்ளங்களில் கருமை ஏற்றிவிட்டார்கள். மேடு வெளுப்பாகவும் பள்ளம் கறுப்பாகவும் இருந்தால்தான் உருவம் எடுப்பாகத் தெரியும். இது நகைத் தொழிலில் வந்த யோசனை இல்லை. வெளிச்சமும் நிழலும் பார்த்துப் பழகிய சிற்பியின் கண்! விற்காத சிலைகளில் அவர் கற்றுக்கொண்டதெல்லாம் கரண்டிக் காம்பிலும் கிண்ண விளிம்பிலும் வந்து இறங்கிவிட்டது.

மக்களுக்குப் பிடித்துவிட்டது. 1909-ல் பெர்லினில் கடை திறந்தார்கள். 1914-ல் முதல் உலகப்போர் மூண்டதும் ஜெர்மனி வியாபாரம் படுத்துவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் பெரிய கண்காட்சி நடந்தது. அங்கே வைத்திருந்த யென்சனின் வெள்ளிப் பொருள்களில் பெரும்பகுதியைப் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் ஒரே மூச்சில் வாங்கிப் போனார்! பிறகு 1921-ல் லண்டனிலும், 1924-ல் நியூயார்க்கிலும் கடைகள் வந்தன.

யென்சனிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யோஹன் ரோட என்ற ஓவியர், தன் சொந்த உபயோகத்துக்காகச் சில வெள்ளிச் சாமான்களை வரைந்து கொண்டுவந்து அவரிடம் செய்யக் கொடுத்தார். வேலை திருப்தியாக அமையவே, இருவரும் கூட்டாளிகள்போல ஆகிவிட்டார்கள். 1915-ல் வந்த ‘ஏகார்ன்’ கரண்டி வரிசையை வரைந்தவர் ரோடதான். ஓக் மரத்துக் கொட்டையின் வடிவம் அதன் காம்பில் இருக்கும். யென்சன் நினைத்திருந்தால் அந்தப் பெருமையைத் தானே எடுத்துக்கொண்டிருக்கலாம். முதலாளி பெயர் மட்டும் இருப்பதுதானே கடைகளின் வழக்கம்? அவரோ வரைந்தவர் இன்னார் என்று ஊரறியச் சொன்னார். அதனால்தான் இன்றைக்கும் பழைய வெள்ளி சேகரிப்பவர்கள் இது யென்சன் வரைந்தது, இது ரோட வரைந்தது என்று பிரித்துச் சொல்கிறார்கள்.

கடை வளர்ந்ததே தவிர, பணக் கணக்கு யென்சனுக்கு வரவில்லை. பட்டறையை விரிவாக்கப் பணம் தேவைப்பட்டது. பங்குகள் விற்கப்பட்டன. பணம் போட்டவர்கள் கைக்கு நிர்வாகம் போனது. தன் பெயரைத் தாங்கிய கடையிலேயே தன் சொல் எடுபடாத நிலை! மனம் வெறுத்துப் போய் 1920-களின் நடுவில் குடும்பத்தோடு பாரிஸ் சென்று தனியே பட்டறை வைத்துப் பார்த்தார். அதுவும் சரிப்படவில்லை. 1926-ல் கோபன்ஹேகனுக்கே திரும்பி, பழைய இடத்தில் மறுபடி வேலை செய்தார். 1935-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி, 69-ம் வயதில் காலமானார். அவருக்குப் பிறகு மகன்களும் வெள்ளி வேலையைத் தொடர்ந்தார்கள். மகன் சோரன் சிற்பியாகவும் பெயர் எடுத்தார்.

இப்போது யென்சனின் பழைய வெள்ளியைத் தேடி வாங்குகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு கரண்டியைக் கையில் எடுத்தால் முதலில் முன்பக்கம் பார்க்க மாட்டார்கள். திருப்பிப் பின்பக்கம்தான் பார்ப்பார்கள்! அங்கே குட்டிக் குட்டி முத்திரைகள் இருக்கும். 830 என்றிருந்தால் ஆயிரம் பங்கில் 830 பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு போன்ற வேறு உலோகம். 925 என்றிருந்தால் இன்னும் உயர்ந்த வெள்ளி. சுத்த வெள்ளி மெதுவாக இருக்கும், எளிதில் வளைந்துவிடும். அதனால்தான் இந்தக் கலப்பு. மூன்று கோபுரங்கள் போட்ட முத்திரை இருந்தால் அரசாங்கம் சோதித்தது என்று பொருள். கோபுரங்களுக்கு அடியில் இரண்டே இலக்கத்தில் வருடமும் இருக்கும்.

கருத்திருக்கிறதே என்று நன்றாகத் தேய்த்து வைத்த பொருளை அவர்கள் விரும்புவதில்லை. பள்ளத்துக் கருமையும் சுத்தியல் தடமும் போய்விட்டால் பாதி யென்சன் போன மாதிரி!

கடையின் பெயர் முத்திரையும் காலத்துக்குக் காலம் மாறியது. நீள்வட்டமாகப் புள்ளிகள் சூழ, நடுவில் பெயர் இருந்தால் அது 1945-க்குப் பிந்திய சரக்கு. யென்சன் மறைந்து பத்து வருடம் கழித்துச் செய்தது. அதற்கு முந்திய முத்திரைகளைத்தான், அதிலும் பிரட்கேடு தெருவின் அந்தச் சின்னப் பட்டறையில் ஆரம்ப வருடங்களில் குத்திய முத்திரையைத்தான், பூதக்கண்ணாடியும் கையுமாகத் தேடுகிறார்கள்.