பிறந்த குழந்தைக்கு மார்க்கு போட்ட டாக்டர் அம்மையார்

குழந்தை வாயில்லாப் பூச்சி. எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. பிறந்து ஒரு நிமிஷமே ஆன குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பச்சைக் குழந்தையின் நிலையைக் கண்ணாலும் கையாலும் பார்த்தே அளந்துவிடலாம் என்று காட்டியவர், ஓர் அமெரிக்கப் பெண் டாக்டர். அவர் பெயர் வர்ஜீனியா ஆப்கார்.

இளமை

வர்ஜீனியா 1909-ம் ஆண்டு ஜுன் 7-ந் தேதி அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள வெஸ்ட்பீல்டு என்ற ஊரில் பிறந்தார். தந்தைக்கு இன்சூரன்சு கம்பெனியில் வேலை. வீட்டில் எல்லோருக்கும் சங்கீதத்தில் ஆசை. வர்ஜீனியா சிறு வயதிலேயே பிடில் வாசிக்கக் கற்றார்.

அந்த வீட்டில் துக்கமும் இருந்தது. மூத்த அண்ணன் சிறு வயதிலேயே காசநோயால் இறந்துவிட்டான். இன்னொரு அண்ணன் தீராத தோல் நோயால் அவதிப்பட்டான். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த வர்ஜீனியா, டாக்டர் ஆக வேண்டும் என்று உறுதி கொண்டார்.

குடும்பத்தில் பணம் அதிகம் இல்லை. கல்லூரியில் படிக்கும்போது பல சில்லறை வேலைகள் செய்து செலவைச் சமாளித்தார். சோதனைச் சாலைக்குப் பூனை பிடித்துக் கொடுப்பதும் அவற்றில் ஒன்று! 1929-ம் ஆண்டு நியூயார்க்கில் கொலம்பியா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1933-ம் ஆண்டு, வகுப்பில் நான்காவது இடம் பெற்றுத் தேறினார்.

அடைபட்ட கதவு

ஆபரேஷன் செய்யும் டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. கை நேர்த்தியும் இருந்தது. ஆனால், அந்தத் துறையில் ஒரு பெண் பிழைப்பது கடினம் என்று தலைமை டாக்டர் விப்பிள் எடுத்துச் சொன்னார். நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கும் துறையில் போகும்படி யோசனை கூறினார். அந்தக் காலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் நர்சுகளே செய்து வந்தனர்.

வர்ஜீனியா சோர்ந்துவிடவில்லை. புதிய துறையை முறையாகக் கற்றார். 1938-ம் ஆண்டு, கொலம்பியா ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துப் பிரிவின் தலைவரானார். பதினொரு வருஷம் பாடுபட்டு அந்தப் பிரிவை வளர்த்தார். 1949-ம் ஆண்டு அது தனித் துறை ஆயிற்று. ஆனால் துறைத் தலைவர் பதவி ஓர் ஆணுக்குப் போயிற்று. அவருக்குப் புரொபசர் பதவி கிடைத்தது. அந்த மருத்துவக் கல்லூரியில் அந்தப் பதவி பெற்ற முதல் பெண் அவரே.

நிர்வாகச் சுமை நீங்கியதும், அவர் பிரசவ அறைக்குப் போனார்.

ஒரு நிமிஷம்

அங்கே அவர் கண்ட காட்சி மனத்தை உறுத்தியது. குழந்தை பிறந்ததும் எல்லோரும் தாயைக் கவனித்தார்கள். குழந்தையைக் கூர்ந்து பார்க்க ஒரு முறை கிடையாது. நீலம் பாரித்து, மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தை பிழைக்காது என்று கைவிடப்படுவதும் உண்டு. உடனே மூச்சுக் கொடுத்திருந்தால் அவற்றில் பல பிழைத்திருக்கும்.

பிறந்த குழந்தையின் நிலையை எப்படிக் கணிப்பது என்று ஒரு மாணவர் கேட்டபோது, அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் ஐந்து விஷயங்களை எழுதிக் காட்டினார். அதுவே பின்னால் உலகப் புகழ் பெற்றது.

இதயம் எப்படித் துடிக்கிறது? மூச்சு வருகிறதா? கை காலை மடக்கி ஆட்டுகிறதா? சீண்டினால் முகம் சுளிக்கிறதா, அழுகிறதா? உடல் நிறம் எப்படி? இவையே அந்த ஐந்து.

ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மார்க்கு. உதாரணமாக, இதயம் நிமிஷத்துக்கு 100 தடவைக்கு மேல் துடித்தால் 2. அதற்குக் குறைந்தால் 1. துடிப்பே இல்லை என்றால் 0. எல்லாம் சேர்ந்து 10 மார்க்கு. 7-க்கு மேல் வந்தால் நல்ல நிலை. 3-க்குக் கீழே போனால் பெரும் ஆபத்து.

பிறந்து ஒரு நிமிஷம் ஆனதும் மார்க்கு போட வேண்டும். பிரசவம் பார்த்தவர் போடக் கூடாது, வேறொருவர்தான் போட வேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். தன் வேலைக்குத் தானே மார்க்கு போட்டால் தாராளம் வந்துவிடும் அல்லவா?

1952-ம் ஆண்டு இந்த முறையை டாக்டர்கள் கூட்டத்தில் விளக்கினார். 1953-ம் ஆண்டு, 1,021 குழந்தைகளுக்குப் போட்ட மார்க்குகளை வைத்து எழுதிய கட்டுரை வெளியாயிற்று. பிறகு, ஐந்தாவது நிமிஷத்திலும் மார்க்கு போடும் பழக்கம் வந்தது.

அந்த மார்க்கு அவருக்கே ஒரு பாடம் கற்பித்தது. பிரசவத்தின்போது தாய்க்குக் கொடுத்த ஒரு மயக்க வாயு, குழந்தையைச் சோர்ந்து போகச் செய்வது தெரிந்தது. அது அவருக்கு மிகவும் பிடித்த வாயு. ஆனாலும் பிரசவத்துக்கு அதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

வேடிக்கை மனுஷி

மூச்சு நின்ற யாருக்கும் வழியிலேயே உதவுவதற்காக, கைப்பையில் சிறு கத்தியும் ரப்பர் குழாயும் வைத்திருப்பார். வாத்தியங்களைத் தம் கையாலேயே செய்வார். ஆஸ்பத்திரி டெலிபோன் அறையில் இருந்த பலகை வாத்தியத்துக்கு ஏற்ற மரம் என்று தெரிந்ததும், இரவோடு இரவாகத் தோழியுடன் போய் அதைக் கழற்றி, வேறு பலகையை மாட்டிவிட்டு வந்தார்! அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1959-ம் ஆண்டு, ஐம்பது வயதில் மீண்டும் மாணவியாகிப் பொதுச் சுகாதாரம் படித்தார். பிறகு, பிறவிக் குறைகளைத் தடுக்கப் பாடுபடும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1974-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி நியூயார்க்கில் காலமானார். 1994-ம் ஆண்டு அமெரிக்க அரசு அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது.

நிலைத்த அளவுகோல்

இன்றும் உலகெங்கும் ஆஸ்பத்திரிகளில் ஆப்கார் மார்க்கு போடுகிறார்கள். மார்க்கு குறைந்தது என்று பெற்றோர் கலங்க வேண்டாம். அது அந்த நிமிஷத்தின் நிலையைக் காட்டுவது. குழந்தையின் வருங்கால அறிவைக் காட்டுவது அல்ல. மூச்சு இல்லாத குழந்தைக்கு, மார்க்கு போடும்வரை காத்திராமல் உடனே சிகிச்சை தொடங்குகிறார்கள்.

அதே அச்சில் வேறு அளவுகோல்களும் பிறந்தன. ஆபரேஷன் ஆன சிறு குழந்தையின் வலியை அளக்க 1997-ம் ஆண்டு ஒரு முறை வெளியாயிற்று. முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மார்க்கு. மொத்தம் 10. எந்தச் சோதனையிலும் காரணம் தெரியாத வயிற்று வலியால் துடிக்கும் பள்ளிப் பிள்ளைகளிடமும், வலி எத்தனை என்று 0 முதல் 10 வரை எண் கேட்டு டாக்டர்கள் குறித்துக்கொள்கிறார்கள். நேற்று 8, இன்று 5 என்றால் வலி குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

சொல்லத் தெரியாத பிள்ளையின் துன்பத்தையும் உற்றுப் பார்த்தால் அளக்க முடியும். அளந்தால் குறைக்க முடியும். வர்ஜீனியா ஆப்கார் உலகத் தாய்மாருக்கு விட்டுச் சென்ற செல்வம் அதுவே.