மகரந்தப்பைக்குள் ஓர் உலகம்: யார் இந்த ஜானகி அம்மாள்?

மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு செம்பருத்தி வாங்கிப் பிரிச்சுப் பாருங்க. நடுவில் நீளும் குழல், மகரந்தக் கம்பிகள் ஒன்றுசேர்ந்து உருவானது. அதில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பொட்டுகள்தான் மகரந்தப்பைகள். கம்பியும் பையும் சேர்ந்தால் மகரந்தத்தாள், அதாவது பூவின் ஆண் உறுப்பு. பள்ளியில் படம் வரைந்து பாகம் குறிச்சதோட நாம இதை மறந்துடறோம். செடிகளின் செல்லுக்குள் நடப்பதை அறியவே வாழ்நாளைக் கொடுத்தவர் இ.கே.ஜானகி அம்மாள்.

சென்னையில் என்ன படித்தார்?

1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். மெரினா எதிரே உள்ள ராணி மேரி கல்லூரியில் படித்தார். 1921-ல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். பிறகு உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். 1931-ல் அங்கே முனைவர் பட்டம் பெற்றார். பெண்கள் பள்ளிப்படிப்பைத் தாண்டுவதே அபூர்வமாக இருந்த காலம் அது. அவர் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவரது ஆராய்ச்சி என்ன?

மகரந்தத்தூள் உருவாகும் முன், மகரந்தப்பைக்குள் தாய் செல்கள் பிரியும். சரியான நேரத்தில் மொட்டை எடுத்து, அந்தச் செல்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் குரோமோசோம்களை எண்ணிவிடலாம். எந்தச் செடிக்கு எது சொந்தம், எதை எதோடு கலக்கலாம் என்பதற்கு இந்த எண்ணிக்கை துப்பு கொடுக்கும். இந்தத் துறைதான் செல் மரபியல். 1934 முதல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், கரும்பை மக்காச்சோளத்தோடு கூட கலந்து பார்த்தார். 1945-ல் இங்கிலாந்தில் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து நூலாக்கினார்.

ஏன் திரும்பி வந்தார்?

நேருவின் அழைப்பை ஏற்று 1951-ல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைத்தார். 1970-ல் மீண்டும் சென்னை. மதுரவாயலில் இருந்த சென்னைப் பல்கலைக்கழகக் கள ஆய்வகத்தில் தங்கி, ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று, எண்பது வயதைத் தாண்டியும் குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரி 7-ல் மறைந்தார். அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு நவம்பரில். அதைப் பார்க்க அவர் இல்லை.

அவர் பெயரில் ஒரு பூ

லண்டனுக்கு அருகே உள்ள விஸ்லி தோட்டத்தில் அவர் மக்னோலியாக்களை ஆராய்ந்தார். அதில் ஒரு வகைக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். சின்ன வெள்ளைப் பூ, நடுவில் ஊதா நிற மகரந்தத்தாள்கள்.