கொள்ளையிட்ட பாத்திரத்தில் ஒரு விருந்து

ரெம்பிராண்ட் வரைந்த ‘பெல்ஷாத்சாரின் விருந்து’ இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. நான் அதை அச்சுப் பிரதியில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் போரில் வீட்டுச் சாமான்களைப் பறிகொடுத்த எவருக்கும் அந்தப் படம் உடனே விளங்கும்.

கதை பைபிளில் தானியேல் ஆகமத்தில் வருகிறது. ஜெருசலேம் ஆலயத்தில் சூறையாடிய பொற்பாத்திரங்களில் பாபிலோன் மன்னன் பெல்ஷாத்சார் தன் பிரபுக்களோடு மது அருந்துகிறான். திடீரென ஒரு கை தோன்றிச் சுவரில் எழுதுகிறது. முஸ்லிம் மரபும் நபியாகக் கொள்ளும் தானியேல் அதை வாசித்து, அவனுடைய ஆட்சி முடிந்தது என்கிறார். அன்றிரவே மன்னன் கொல்லப்படுகிறான். ரெம்பிராண்ட் வரைந்தது கை எழுதும் அந்தக் கணத்தை. மன்னன் பதறித் திரும்புகிறான், பக்கத்துப் பெண்ணின் கிண்ணத்திலிருந்து மது கொட்டுகிறது.

1606இல் ஒல்லாந்தின் லைடன் நகரில் ஓர் ஆலைக்காரரின் மகனாகப் பிறந்தவர் ரெம்பிராண்ட். அம்ஸ்டர்டாமில் புகழ்பெற்றார். அங்கே அவர் வாழ்ந்த பகுதியில், போர்த்துக்கலின் சமய விசாரணைக்குத் தப்பி வந்த யூதர்களும் குடியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான அறிஞர் மெனாசே பென் இஸ்ரயேலிடமிருந்தே சுவர் எழுத்தின் அமைப்பை அவர் பெற்றார் எனக் கருதப்படுகிறது. எபிரேயமும் அரபுத் தமிழைப் போல வலமிருந்து இடமாக எழுதப்படுவது. படத்திலோ எழுத்துகள் மேலிருந்து கீழாக இறங்குகின்றன. மன்னனின் அறிஞர்களால் அதனால்தான் வாசிக்க முடியவில்லை என்பது யூத மரபின் ஒரு விளக்கம்.

அதே போர்த்துக்கேயர் 1626இல் இலங்கையில் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களில் பலரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். கல்முனைக் கரையின் முஸ்லிம் ஊர்களுடைய வரலாற்றில் அந்த அகதிகளுக்கும் இடமுண்டு. ரெம்பிராண்ட் இந்த ஓவியத்தை வரைந்தது 1630களின் நடுப்பகுதியில். 1638இல் அவருடைய நாட்டவர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள்.

அவருடைய சொந்த வாழ்விலும் இழப்புகள் தொடர்ந்தன. மூன்று குழந்தைகள் பிறந்த சில வாரங்களுக்குள் இறந்தன. 1642இல் மனைவி சாஸ்கியா இறந்தார். 1656இல் கடன் முற்றி வங்குரோத்தானார். அதிகாரிகள் அவருடைய உடைமைகளை 363 இலக்கங்களில் பட்டியலிட்டார்கள். பின்னர் எல்லாம் ஏலத்தில் போயின, வீடும் போனது. 1668இல் மகன் டைட்டஸும் இறந்தார். மறு ஆண்டு ரெம்பிராண்ட் காலமானபோது வாடகைக் குழியொன்றில் அடக்கம் செய்தார்கள்.

அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. அதனால் அவருடைய சுவரில் எந்தப் படம் தொங்கியது, எந்த அறையில் என்ன கிடந்தது என்று அறியமுடிகிறது. எங்கள் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஓடிப்போய்த் திரும்பிவந்தபோது கதவும் ஓடும் இல்லாத வீடுகளைக் கண்டார்கள். போனவை என்னென்ன என்று எழுதிவைத்த குடும்பங்கள் மிகக் குறைவு. உம்மாமாரும் அம்மாமாரும் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்: குடம், தையல் மெசின், காணி உறுதி, கலியாணப் படம். பொருள் திரும்பி வராவிட்டாலும் கணக்காவது நம்மிடம் இருக்கட்டும்.