முகத்துவாரத்தில் படித்த ரி. பி. ஜாயா

என் தம்பி தரம் நான்கில் படிக்கிறான். போன தவணையில் ஒரு நாள், மற்றவர்களை மதித்து நடந்த ஒருவரைப் பற்றிப் பத்து வசனங்கள் எழுதி வரும்படி அவனுடைய வகுப்பாசிரியை சொல்லியிருந்தார். அந்த வகுப்பில் முஸ்லிம், இந்து, கத்தோலிக்கப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகப் படிக்கிறார்கள். சமய பாட வேளை வந்ததும் மூன்று பிரிவாக வேறு வேறு அறைகளுக்குப் போவார்கள். மணி அடித்ததும் திரும்பி வந்து ஒரே வாங்கில் இருப்பார்கள். தம்பி கொப்பியைத் தூக்கிக்கொண்டு, தாத்தா, நான் யாரை எழுதுவது என்று கேட்டுக்கொண்டு வந்தான். நபி (ஸல்) அவர்களைப் பற்றி எழுதத்தான் முதலில் நினைத்தானாம். வகுப்பிலுள்ள மற்ற முஸ்லிம் பிள்ளைகளும் அதையே எழுதப் போகிறார்கள் என்று தெரிந்ததும், நம்முடைய ஊரோடு தொடர்புள்ள ஒருவரைச் சொல்லித் தா என்றான். எனக்கு உடனே நினைவில் வந்தவர் மர்ஹூம் ரி. பி. ஜாயா அவர்கள். தம்பிக்குப் பத்து வசனங்கள் போதுமாக இருந்தன. எனக்குப் போதவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

துவான் புர்ஹானுதீன் ஜாயா 1890 ஆம் ஆண்டு ஜனவரி 1 ஆம் திகதி கண்டி மாவட்டத்தின் கலகெதரவில் ஒரு மலாய்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பொலிஸ் சேவையில் இருந்தவர். பெரிய செல்வமோ செல்வாக்கோ உள்ள குடும்பம் அல்ல. அந்தக் காலத்தில் நமது சமூகத்தவர் பலர் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்ப அஞ்சினார்கள். மிஷனரிமாரின் பாடசாலைக்குப் போனால் பிள்ளையின் ஈமான் போய்விடும் என்பதே அந்த அச்சம். அறிஞர் சித்தி லெப்பை அவர்கள் ஊர் ஊராகச் சென்று கல்வியை வலியுறுத்தியதும், வாப்பிச்சி மரிக்கார் அவர்களோடும் எகிப்திலிருந்து இங்கு நாடு கடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷா அவர்களோடும் சேர்ந்து 1892 இல் மருதானையில் ஸாஹிராவை உருவாக்கியதும் இந்த நிலையை மாற்றத்தான்.

சிறுவர் ஜாயா படிக்க வந்தது நம்முடைய முகத்துவாரத்துக்கு. இன்று கல்கிசையில் இருக்கும் புனித தோமஸ் கல்லூரி அப்போது இங்கேதான் இருந்தது. கொழும்பின் முதலாவது அங்கிலிக்கன் பேராயரான ஜேம்ஸ் சப்மன் அதை 1851 இல் இங்கு ஆரம்பித்தார். துறைமுகத்து நிலக்கரித் தூசியின் தொல்லை பெருகியதால் 1918 இல் அது கல்கிசைக்கு மாறியது. நமது பிரதேசத்தில் உள்ள பலருக்கு இந்த விஷயம் தெரியாது. எனக்கும் இரண்டு வருடங்களுக்கு முன்தான் தெரிய வந்தது. சுதந்திர இலங்கையின் முதலாவது பிரதமரான டி. எஸ். சேனாநாயக்க படித்ததும் அந்த முகத்துவாரப் பாடசாலையில்தான். ஜாயாவுக்குப் பின்னர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் அங்கே படித்தார்.

கிறிஸ்தவப் பாடசாலையில் ஒரு முஸ்லிம் பிள்ளை. தன்னுடைய மார்க்கம் ஒன்று, பாடசாலையின் மார்க்கம் வேறொன்று. ஜாயா அங்கே முஸ்லிமாகப் போனார், முஸ்லிமாகவே வெளியே வந்தார். இலத்தீன் முதலிய செவ்வியல் பாடங்களில் சிறந்து விளங்கினார். தன் மார்க்கத்தை விடாமலே மற்றவருடைய வீட்டில் மரியாதையாக இருக்கலாம் என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. அன்றாடம் அப்படி இருந்து பழகினார்.

படித்து முடித்த பின் ஆசிரியர் தொழிலைத் தேர்ந்தெடுத்தார். 1910 இல் கண்டி தர்மராஜக் கல்லூரியில் ஆசிரியரானார். அடுத்துக் கொஞ்ச காலம் மொறட்டுவை வேல்ஸ் இளவரசர் கல்லூரியில் கற்பித்தார். பின்பு கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் நீண்ட காலம் பணியாற்றினார். தர்மராஜவும் ஆனந்தாவும் பௌத்த சமூகம் தன் பிள்ளைகளுக்காகக் கட்டி எழுப்பிய பாடசாலைகள். ஆங்கிலிக்கன் பாடசாலையில் மாணவராக இருந்த ஒரு மலாய் முஸ்லிம், பௌத்தப் பாடசாலைகளில் சிங்களப் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். கற்பித்துக்கொண்டே லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டத்தையும் பெற்றார்.

இந்தப் பத்தாண்டின் நடுவில்தான் 1915 ஆம் ஆண்டு வருகிறது. அந்த ஆண்டு மே மாத இறுதியில் மலையகத்தில் தொடங்கிய சிங்கள முஸ்லிம் கலவரம் சில நாட்களுக்குள் கொழும்பு வரை பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பிரிட்டிஷ் அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. சிங்களத் தலைவர்கள் பலரைச் சிறையிலும் அடைத்தது. டி. எஸ். சேனாநாயக்கவும் அவர்களுள் ஒருவர். இரண்டு பக்கத்திலும் காயம் இருந்தது. அப்படிப்பட்ட ஒரு காலத்துக்குப் பின்னும் ஜாயா கற்பிப்பதை விடவில்லை. 1921 வரை ஆனந்தாவின் வகுப்பறையில் அவர் இருந்தார்.

இந்த இடத்தை எழுதும்போது என்னுடைய சிறு வயது நினைவு ஒன்றும் வருகிறது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. எங்கள் வீட்டிலிருந்து அது தூரமில்லை. அப்போது நான் தரம் ஐந்து. பாடசாலைகள் மூடப்பட்டு, பின்பு திறந்தபோது உம்மா என்னைப் பயந்து பயந்துதான் அனுப்பினார். வகுப்புக்குள் போனபோது, வழக்கமாக என் பக்கத்தில் இருக்கும் கத்தோலிக்கத் தோழி வேறோர் இடத்தில் இருந்தாள். அவளுடைய உறவினர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவளில் எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. நான் செய்யாத ஒன்றுக்காக அவளுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. ஆசிரியை இதைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வரவுப் பதிவை முடித்துவிட்டு, இரண்டு பேருக்கும் ஒரே வாசிப்புப் புத்தகத்தைக் கொடுத்து, சேர்ந்து வாசிக்கச் சொன்னார். ஒரு புத்தகத்தை இரண்டு பேர் வாசிப்பதென்றால் பக்கத்தில்தானே இருக்க வேண்டும். அன்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் பக்கத்தைப் புரட்ட மற்றவர் காத்திருந்தோம். ஒரு கிழமைக்குள் பழையபடி ஆகிவிட்டோம். சகிப்புத்தன்மை என்ற சொல்லை அந்த ஆசிரியை அன்று உச்சரிக்கவே இல்லை.

1921 செப்டெம்பரில் ஜாயா ஸாஹிராவின் அதிபரானார். கல்லூரியின் முகாமையாளரான என். எச். எம். அப்துல் காதர் அவர்களே அவரை அழைத்து வந்தார். அப்போது ஸாஹிராவில் இருந்தவர்கள் 59 மாணவர்கள் மட்டுமே. புகழ்பெற்ற ஆனந்தாவை விட்டு இப்படி ஒரு பாடசாலைக்குப் போவதற்குத் துணிவு வேண்டும். இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். ஜாயாவின் தாய்மொழி மலாய். ஸாஹிராவின் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ் பேசும் சோனகர். முஸ்லிம் சமூகத்துக்குள்ளேயே அவர் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. ஆனாலும் கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கல்லூரியை அவர் தன் வீடு போல் நடத்தினார். மாணவர் தொகை சில ஆண்டுகளுக்குள் பல நூறாகப் பெருகியது. கம்பளை, அளுத்கம போன்ற ஊர்களில் ஸாஹிராவின் கிளைகளும் தோன்றின.

முஸ்லிம் பிள்ளைகளுக்காக எழுந்த பாடசாலைதான் ஸாஹிரா. ஆனால் ஜாயாவின் காலத்தில் அங்கே சிங்கள ஆசிரியர்களும் தமிழ் ஆசிரியர்களும் கற்பித்தார்கள், பிற சமய மாணவர்களும் படித்தார்கள். மாணவராகவும் ஆசிரியராகவும் பிறருடைய பாடசாலைகளில் விருந்தாளியாக இருந்த ஒருவர், தன் கையில் ஒரு பாடசாலை வந்தபோது வீட்டுக்காரராக நடந்துகொண்ட விதம் இது. அவருக்குப் பின் 1948 இல் அதிபராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களும் இந்த வழியிலேயே சென்றார். பின்னாளில் தமிழுலகமே அறிந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஸாஹிராவில் படித்தவர், பிறகு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர்.

அரசியலிலும் ஜாயா இறங்கினார். 1924 இல் சட்டநிரூபண சபைக்கு முஸ்லிம் பிரதிநிதிகளுள் ஒருவராகத் தெரிவானார். 1936 இல் அரசாங்க சபையின் நியமன உறுப்பினரானார். சிறுபான்மையினருக்குப் போதிய இடம் வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடியவர் அவர். இதை மறைத்துவிட்டு அவரை எல்லோருக்கும் இனியவராக மட்டும் காட்டுவது சரியல்ல. மற்றவரை மதிப்பதென்றால் தன் சமூகத்துக்குக் குரல் கொடுக்காமல் இருப்பது என்று அவர் நினைக்கவில்லை. அதே நேரத்தில், 1945 இல் நாட்டின் சுதந்திரக் கோரிக்கை சபைக்கு வந்தபோது, முஸ்லிம்களின் கோரிக்கைகள் எதுவாக இருந்தாலும் நாட்டின் விடுதலைக்கு அவை தடையாக நிற்கக்கூடாது என்ற நிலைப்பாட்டை எடுத்து அதை ஆதரித்துப் பேசினார். அந்த உரையைப் பாராட்டியவர்களுள் பண்டாரநாயக்கவும் ஒருவர். உரிமையைக் கேட்கவும் தெரிந்திருந்தது, எந்த நேரத்தில் அதைப் பின்னுக்கு வைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

1947 தேர்தலில் மத்திய கொழும்புத் தொகுதியில் வெற்றி பெற்ற ஜாயா, டி. எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சரானார். 1915 இல் சிறைக்குப் போன சிங்களத் தலைவரும், அக்காலத்தில் பிறர் பாடசாலையில் கற்பித்துக்கொண்டிருந்த முஸ்லிம் ஆசிரியரும் 32 ஆண்டுகளுக்குப் பின் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். இருவரும் முகத்துவாரத்தில் படித்தவர்கள். 1950 இல் ஜாயா பாகிஸ்தானுக்கான இலங்கையின் உயர்ஸ்தானிகராகச் சென்றார். 1960 இல் ஹஜ் பயணமாகச் சென்றிருந்தபோது மே 31 ஆம் திகதி மதீனாவில் வபாத்தானார். அவருடைய ஜனாஸா அங்கே ஜன்னத்துல் பகீஃ மையவாடியில் அடக்கப்பட்டது.

நாங்கள் இன்று படிக்கும் பாடசாலைகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முஸ்லிம் பாடசாலை, இந்துப் பாடசாலை, பௌத்தப் பாடசாலை, கத்தோலிக்கப் பாடசாலை என்று பிரிந்திருக்கிறோம். ஒரே பாடசாலையில் இருந்தாலும் தமிழ் மொழிமூலம், சிங்கள மொழிமூலம் என்று வகுப்புகள் பிரிகின்றன. அவரவர் மொழியில் படிப்பதும் அவரவர் சமயத்தைக் கற்பதும் நல்லதே. இந்தக் கல்லூரியில் என் மார்க்கத்தோடு படிக்கக் கிடைத்ததற்காக நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் மற்றப் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருக்கும் வாய்ப்பு பலருக்கு ஆரம்பப் பிரிவிலும் கிடைப்பதில்லை. குடியியற் கல்வி என்ற பாடம் பிறகு வரும்போது, மற்ற இனத்தவரை மதிக்க வேண்டும் என்று பரீட்சைக்கு எழுதிப் புள்ளி வாங்கிவிடுகிறோம். அந்த மற்றவரின் பெயர் கூட எங்களுக்குத் தெரியாது.

உயர்தரம் முடிந்ததும் கல்வியியற் கல்லூரிக்குப் போய் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் வகுப்பில் இன்னும் பலருக்கு இதே எண்ணம் உண்டு. இன்ஷா அல்லாஹ், நாளை எந்தப் பாடசாலைக்கு நியமனம் கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. அது எங்கள் சமூகத்துப் பாடசாலையாக இருந்தால், பிற வீட்டுப் பிள்ளை ஒன்று வரும்போது இடம் கொடுக்கத் தெரிய வேண்டும். பிறருடைய பாடசாலையாக இருந்தால், ஜாயாவைப் போல் தலை நிமிர்ந்தும் மரியாதையாகவும் அங்கே கற்பிக்கத் தெரிய வேண்டும்.

தம்பி எழுதிய பத்து வசனங்களை ஆசிரியை வகுப்பில் வாசிக்க வைத்தாராம். ஒரு பிரதமரும் ஓர் அமைச்சரும் முகத்துவாரத்தில் படித்தார்கள் என்றதும் பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்களாம். அந்தப் பாடசாலை எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டு, மறுநாள் தம்பியும் அவனுடைய இரண்டு நண்பர்களும் அதைப் பார்க்கப் போகத் திட்டம் போட்டார்கள். ஒருவன் இந்து, ஒருவன் கத்தோலிக்கன். சனிக்கிழமை வாப்பா மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனார்.

மர்ஹூம் ஜாயா அவர்களின் பணிகளை அல்லாஹ் ஏற்று, அன்னாருக்கு ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக. ஆமீன்.