பேக்கர் துரையும் மூன்று தலைமுறைத் துவக்குகளும்

ஹோட்டன் சமவெளிக்குச் சென்றோர், பெலிகுல் ஓயா பாறையினின்றும் வெண்ணுரை பொங்க வீழும் பேக்கர் நீர்வீழ்ச்சியைக் காணாது திரும்புவதில்லை. அந்நீர்வீழ்ச்சிக்குத் தம் பெயரை விட்டுச் சென்ற சேர் சாமுவேல் வைற் பேக்கரை, நைல் நதியின் பிறப்பிடம் தேடிச் சென்ற பயணி என்று உலகம் அறியும். நுவரெலியாவில் ஆங்கில முறைப் பயிர்ச்செய்கையைத் தொடக்கி வைத்தவர் என்று நம் நாட்டார் அறிவர். ஆயின், அவர் தம் வாழ்நாள் முழுவதும் ஓயாது வாதாடிய விடயம் வேறொன்று உண்டு. அது துவக்கைப் பற்றியது. வேட்டைக்கு ஏற்ற துவக்கு எது என்னும் அவ்வாதத்தில், இளமையிலே முதியோரை எதிர்த்து நின்ற பேக்கர், முதுமையிலே இளையோரை எதிர்த்து நின்றார். அவர் வாழ்க்கையை இந்த ஒரு கோணத்தில் நோக்குவதும் பயனுடையதே.

பேக்கர் 1821 ஆம் ஆண்டு யூன் மாதம் 8 ஆந் திகதி லண்டனிற் பிறந்தார். தந்தையார் செல்வம் மிக்க வணிகர். யமேக்கா, மொறீசியஸ் ஆகிய தீவுகளிலே கரும்புத் தோட்டங்கள் உடையவர். மைந்தனுக்கோ கணக்கேடுகளில் நாட்டமில்லை. இருபது வயது நிரம்பு முன்னரே, பிறிஸ்ரல் நகரத்துத் துவக்குத் தொழிலாளரான கிப்ஸ் என்பவரிடம் தாம் எண்ணியவாறே ஒரு றைபிளைச் செய்வித்துக்கொண்டார். அதன் நிறை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். அது எறியும் உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ். அதற்கிடும் வெடிமருந்தோ முழுதாக ஓர் அவுன்ஸ். குண்டின் நிறையில் மூன்றிலொரு பங்கு மருந்திடுவது அந்நாளிற் கேள்விப்படாத செயல். இளைஞர் பேக்கரோ, மருந்து மிகுந்தாலன்றிக் குண்டு நேர்கோட்டிற் செல்லாது, ஆழ ஊடுருவாது என்று உறுதியாக நம்பினார்.

1843 இல் மணம் முடித்துச் சிறிது காலம் மொறீசியசிலே தோட்டத்தை மேற்பார்த்தபின், யானை வேட்டையின் ஆசையால் இலங்கைக்கு வந்தார். அப்பொழுது இந்நாட்டு வெள்ளையரிடையே வேட்டைக்குப் பெயர்போனவர், பதுளையில் அரசாங்க உதவி அதிபராயிருந்த மேஜர் றொஜர்ஸ். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப்பட்ட அவர், 1845 ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அத்தலைமுறையினர் றைபிளைப் பெரிதும் அறியார். அவர்கள் கையாண்டது தவாளிப்பு வெட்டப்படாத வழுவழுத்த குழலையுடைய, 16 ஆம் இலக்க இரட்டைக்குழல் துவக்கு. இங்கே இலக்கம் என்பது, குழலுக்கு ஏற்ற உருண்டைக் குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஓர் இறாத்தல் ஆகும் என்பதைக் குறிக்கும். ஆகவே, 16 ஆம் இலக்கத்தின் குண்டு ஓர் அவுன்ஸே. பேக்கரின் குண்டு அதனைப்போல் மூன்று மடங்கு.

முதியோரின் வழக்கம் காரணமற்றதன்று. இலங்கைக் காடு அடர்ந்தது. வேட்டைக்காரன் யானைக்குப் பத்துப் பதினைந்து அடி அண்மையிற் சென்று, அது தன்னை நோக்கிப் பாயும்போது நெற்றியிற் சுடுவான். அங்கே வேண்டப்படுவது தூரம் செல்லும் குண்டன்று. நொடிப்பொழுதிலே தோளுக்கு ஏறும் இலேசான துவக்கு. இருபத்தொரு இறாத்தல் இரும்பைச் சுமந்துகொண்டு மூங்கிற் புதருக்குள் நுழைவது அவர்களுக்கு நகைப்பாகவே தோன்றியிருத்தல் வேண்டும். பேக்கரும் காட்டின் இயல்பை விரைவில் உணர்ந்தார். பெருந்துவக்கைக் கைவிடாது, 10 ஆம் இலக்க இரட்டைக்குழல் றைபிள்கள் நான்கினையும் உடன் வைத்துக்கொண்டார். அவையும் தனித்தனி 15 இறாத்தல் நிறையுடையன. அந்நாளைய துவக்குகள் யாவும், நம் வன்னி மக்கள் இடியன் என்பதுபோல, வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு இடிக்கப்பட்டவையே. மீண்டும் இடிப்பதற்கு யானை தவணை கொடாது. ஆகையால், மருந்திட்ட துவக்குகளைச் சுமந்து பின்னே வந்த உள்ளூர் ஏவலாளரின் மனத்துணிவிலேயே துரையின் உயிர் தங்கியிருந்தது.

நோயுற்று நுவரெலியாவுக்குச் சென்று உடல் தேறிய பேக்கர், அக்குளிர்நிலத்திலே ஓர் ஆங்கிலக் குடியேற்றத்தை அமைக்கத் துணிந்தார். 1848 இல் குடியேறுவோரும் கால்நடைகளும் வேட்டை நாய்களும் கப்பலேறி வந்தனர். அம்மலைகளில் அவர் மரை வேட்டையாடிய முறை விநோதமானது. நாய்கள் மரையைத் துரத்தி நீரோடையில் மறிக்க, அவர் கையிற் கத்தியுடன் இறங்கிப் பொருதார். துவக்குப் பற்றி இத்துணை வாதாடியவர், துவக்கே தொடாத வேட்டையைத் தம் இன்பங்களுள் முதன்மையாகக் கொண்டமை நினைக்கத்தக்கது. 1855 இல் அவர் தாயகம் திரும்பினார். அவ்வாண்டு முடியு முன்னரே மனைவியார் காய்ச்சலால் இறந்தார்.

பின்னர் டான்யூப் நதிப் பிரதேசத்திலே புளோரன்ஸ் என்னும் இளநங்கையைச் சந்தித்தார். அவர் அடிமைச் சந்தையினின்றும் மீட்கப்பட்டவர் என்பர். அவ்வம்மையார் துணைவர, 1861 இல் நைல் நதி வழியே ஆபிரிக்காவுட் புகுந்த பேக்கர், 1864 மார்ச் மாதம் 14 ஆந் திகதி அல்பேட் ஏரியை அடைந்தார். 1866 இல் சேர் பட்டம் கிடைத்தது.

அப்பயணத்திலே அவருடைய துவக்கறிவுக்கு ஒரு சோதனை நேர்ந்தது. இலங்கையிலே யானையை வீழ்த்திய நெற்றிச்சூடு ஆபிரிக்காவிற் பயன்படவில்லை. ஆபிரிக்க யானையின் மண்டையோட்டு அமைப்பு வேறு. மூளை இருக்கும் இடமும் வேறு. குண்டு எலும்பிற் புதைந்து நின்றதேயன்றி, விலங்கு வீழவில்லை. பல்லாண்டு பழகிய பாடத்தை அவர் மறந்து, தோட்புறத்திலே சுடப் பழக வேண்டியதாயிற்று. பேபி என்று அவர் செல்லப்பெயரிட்ட ஒரு துவக்கும் உடனிருந்தது. அரை இறாத்தல் வெடிகுண்டை எறியும் அதனை, அங்குள்ளோர் பீரங்கியின் பிள்ளை என்று தம் மொழியில் அழைத்தனர். அதனாற் சுடப்பட்ட விலங்கு தப்பியதில்லை. ஆயினும் சுட்டவரையே காற்றாடிபோற் சுழற்றிவிடும் அதன் உதைப்புக்கு அஞ்சி, பேக்கர் அதனை அரிதாகவே எடுத்தார். அந்நாட்டிலேயே ஹம்ரான் அரபு வேட்டைக்காரர், குதிரை மீதிருந்த ஒருவர் யானையைத் தம்மை நோக்கி ஈர்க்க, மற்றொருவர் பின்சென்று வாளினால் அதன் பின்கால் நரம்பை வெட்டி வீழ்த்துவதைக் கண்டு, அவர் வியந்து பாராட்டினார். பெருந்துவக்கின் பக்தர் வாள்வீரருக்குத் தலை வணங்கினார்.

காலம் மாறியது. 1869 முதல் 1873 வரை, எகிப்து மன்னர் இஸ்மாயிலின் ஆணைப்படி அடிமை வாணிகத்தை ஒடுக்குவதற்காக நைலின் மேற்பகுதிக்கு அவர் படையுடன் சென்றபோது, அவருடைய மெய்காவற் படையினர் கையில் இருந்தவை பின்புறத்தே தோட்டாவிடும் சினைடர் றைபிள்கள். இடிக்கும் துவக்கின் காலம் முடிந்துகொண்டிருந்தது. பேக்கரும் பழமையைக் கட்டிப்பிடித்து நிற்கவில்லை. முதுமையிலே இந்தியக் காடுகளில் புலி வேட்டையாடியபோது, .577 அங்குலக் குழலையுடைய 12 இறாத்தல் றைபிளை விரும்பினார். இளமையில் தாம் செய்வித்த துவக்கின் நிறையில் அது பாதியளவே.

ஆயின், அந்நாளைய இளையோரின் புதுநாகரிகம் ஒன்றை அவர் ஏற்கவில்லை. வேகத்தையே பெரிதெனக் கொண்ட அவர்கள், நுனியிற் குடைந்து இலேசாக்கிய குண்டுகளை விரும்பினர். அவை மானுக்குப் போதும். புலியின் தோளெலும்பிற் பட்டாலோ மேற்பரப்பிலேயே சிதறிப்போகும். காயமுற்ற புலி சுட்டவனைத் தேடி வரும். ஆதலாற் குண்டு குடையப்படாது திண்ணிய ஈயமாக இருத்தல் வேண்டும் என்று, 1890 இல் வெளிவந்த காட்டு விலங்குகள் பற்றிய தம் நூலில் அவர் வலியுறுத்தினார். ஒருகாலத்திலே முதியோர் தமக்குக் கூறிய எச்சரிக்கையின் இடத்திலிருந்து, இப்பொழுது அவர் இளையோருக்கு எச்சரிக்கை கூறினார். 1893 டிசம்பர் 30 ஆந் திகதி, டெவன் மாவட்டத்திலுள்ள தம் இல்லத்திற் காலமானார்.

அவ்வாதம் அவரோடு மடியவில்லை. 1884 இல் பிரான்சியரான வியேய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டிருந்தார். கருமருந்தாற் குண்டு வினாடிக்கு ஆயிரத்தைந்நூறு அடியளவே ஓடும். ஆகவே வலிமை வேண்டுமாயின் நிறையைக் கூட்டுவதன்றி வேறு வழியில்லை. பேக்கரின் பெருந்துவக்கு அவ்வறுமையின் பிள்ளை. புதிய மருந்தோ, உலோக உறையிட்ட சிறு குண்டையும் இரண்டாயிரம் அடிக்கு மேல் ஓட்டியது. 1880 இற் பிறந்த ஸ்கொத்லாந்தியரான பெல் என்பவர், ஆபிரிக்காவிலே ஆயிரம் யானைகளைக் கொன்றார். அவற்றுட் பெரும்பாலானவற்றை வீழ்த்தியது 7 மில்லிமீற்றர் றைபிள். அதன் குண்டு, பேக்கரின் மூன்று அவுன்சுக் குண்டில் ஏழிலொரு பங்கிற்கும் குறைந்தது. அவர் யானையின் மண்டையோட்டை அரிந்து, மூளை எவ்விடத்துள்ளது என்பதைக் கற்றபின்பே அவ்வாறு துணிந்தார். அவ்வறிவு இல்லாதவன் கையில் அச்சிறு குண்டு விலங்குக்கும் கேடு, சுட்டவனுக்கும் கேடு.

ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையிற் பழகிய கருவியே செம்மையானது என்று எண்ணுகிறது. உண்மையிலோ, றொஜர்ஸ் காலத்தவரும் பேக்கரும் பெல்லும் தத்தம் காலத்து மருந்துக்கும் காட்டுக்கும் ஏற்ற விடையையே கண்டனர். துவக்கு மாறியது, எவ்விடத்திற் சுடவேண்டும் என்னும் அறிவின் தேவை மாறவில்லை.

எனினும், இவ்வாதத்தில் எவரும் கேளாத தரப்பு ஒன்று இருந்தது. அது யானையின் தரப்பு. அந்நாளைய அரசாங்கமே தலைக்கு இத்துணை எனப் பரிசளித்தது. 1848 க்கு முந்திய மூன்றாண்டுகட்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என்று எமேர்சன் ரெனன்ற் தமது இலங்கை நூலிற் குறித்துள்ளார். 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வருமுன், எத்தனையோ மந்தைகள் அழிந்துவிட்டன. பேக்கர் கத்தியுடன் துரத்திய மரைகளின் வழித்தோன்றல்கள் ஹோட்டன் சமவெளியில் இன்றும் மாலை வேளையிலே மேய்கின்றன. ஒருகாலத்தில் அவற்றோடு அப்புல்வெளியில் உலாவிய யானைகளை மட்டும் அங்கே காணோம்.